முதல் .22 டார்கெட் பிஸ்டல் எது வாங்கலாம்? பட்ஜெட் 450 டாலர், டெக்சஸ்

பிளேனோவாசி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் செஞ்சுட்டு இருந்தேன், இதுதான் முதல் கேள்வி. ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் இண்டோர் ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போனார், முதல்ல அவரோட 9 எம்எம் குடுத்தார், சத்தமும் உதைப்பும் எனக்கு ஒத்துவரல, அப்புறம் ஒரு .22 (சின்ன தோட்டா போடுற கன்) குடுத்தார் பாருங்க, பேப்பர்ல ஓட்டை எல்லாம் பக்கத்துல பக்கத்துல விழ ஆரம்பிச்சதும் இதை ஒழுங்கா கத்துக்கணும்னு ஆசை வந்துடுச்சு. கிரீன் கார்டு ஏற்கனவே இருக்கு, அதனால வாங்குறதுல சட்டச் சிக்கல் எதுவும் இருக்காதுன்னு நினைக்கிறேன், இருந்தா சொல்லுங்க.

எனக்கு பேப்பர் டார்கெட் சுட மட்டும்தான் வேணும். தற்காப்பு, வேட்டை எதுவும் இல்ல. இப்போதைக்கு 10 யார்டு, கை பழகுனதும் 25 யார்டு, பின்னாடி பக்கத்து கிளப்புல ஏதாவது லீக் இருந்தா சேரலாம்னு ஒரு எண்ணம். மொத்த பட்ஜெட் 450 டாலர், காதுக்கு மஃப், கண்ணாடி, கொஞ்சம் அம்மோ எல்லாம் சேர்த்து. கொஞ்சம் ஏத்தலாம், ஆனா ரொம்ப இல்ல.

நான் பாத்து வச்சிருக்கிறது ஹெரிட்டேஜ் ரஃப் ரைடர் ரிவால்வர், டாரஸ் டிஎக்ஸ்22, ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க். யூடியூப் பாத்தா ஒவ்வொருத்தரும் ஒண்ணொண்ணு சொல்றாங்க, தலை சுத்துது. வயசு 43, ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போடுறேன், அது பிரச்சனையா வருமா? வீட்டுல ஒன்பது வயசுப் பொண்ணு இருக்கா, லாக் பாக்ஸ் வீட்டுக்கு வந்தப்புறம்தான் கன் வரணும்னு மனைவி சொல்லிட்டாங்க, அதுல எனக்கும் முழு சம்மதம்.

வைகைக்கரை:

தம்பி, உங்க வீட்டம்மா சொன்னதுதான் சரியான வரிசை, முதல்ல பாக்ஸ் வாங்கிடுங்க. டெக்சஸ்ல 17 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி கன்னை விட்டு வச்சா அதுவே தனி குற்றம், பீனல் கோடு 46.13ன்னு செக்‌ஷனே இருக்கு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒன்பது வயசுப் புள்ள இருக்கிற வீட்டுல கன் ஒரு பூட்டுல, தோட்டா வேற பூட்டுல, ரெண்டு சாவியும் உங்ககிட்ட மட்டும், இதுல ஒரு நாள் கூட விதிவிலக்கு வேண்டாம்.

இப்ப கன் விஷயத்துக்கு வர்றேன். நீங்க கேட்ட நாலும் .22 எல்ஆர்தான், ஆனா நாலும் ஒரே வேலைக்குச் செஞ்சது கிடையாது, யூடியூப்ல உங்களுக்குக் குழப்பம் வர்றதே இதனாலதான். மார்க் 4, பக் மார்க் ரெண்டுலயும் பேரல் அசையாது, மேல குறி பாக்குற ரெண்டு சைட்டும் அசையாது, உள்ள இருக்கிற போல்ட் மட்டும்தான் பின்னாடி போய்ட்டு வரும். அதனால சைட்டுக்கும் பேரலுக்கும் உள்ள உறவு எத்தனை ஆயிரம் ரவுண்டு போட்டாலும் அப்படியே இருக்கும். டிஎக்ஸ்22, ரூகர் எஸ்ஆர்22, வால்தர் பி22 மாதிரி உள்ளதுல ஸ்லைடு, அதாவது கன்னோட மேல்பகுதி, முழுசா பின்னாடி போகும், சைட் அந்த ஸ்லைடு மேல உக்காந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் ஸ்லைடு திரும்பி வந்து எங்க உக்காருதோ அங்கதான் சைட்டும் இருக்கும். 7 யார்டுல இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, 25 யார்டுக்குப் போனீங்கன்னா தெரிய ஆரம்பிக்கும்.

ரெண்டாவது டிரிகர். புதுசா சுடுறவங்க தோட்டா எங்கயோ போச்சுன்னா பேரலைத்தான் குறை சொல்லுவாங்க, நூத்துக்குத் தொண்ணூறு தடவை டிரிகரை இழுக்கிற நேரத்துல கை அசைஞ்சிருக்கும். கண்ணாடிக் குச்சி ஒடையிற மாதிரி சுத்தமா ஒடையிற டிரிகர் இருந்தா நீங்க என்ன தப்பு பண்ணீங்கன்னு உங்களுக்கே தெரியும், இழுவையா இருந்தா எது உங்க தப்பு எது கன்னோட தப்புன்னு பிரிக்கவே முடியாது. இந்த விஷயத்துல கடையில இருந்து வர்ற நிலையிலயே பக் மார்க் நல்லா இருக்கும். மார்க் 4 டிரிகர் மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா நிறைய பேர் பின்னாடி வோல்க்வார்ட்சன் கம்பெனி பார்ட்ஸ் மாத்துறாங்க, அதுக்கு தனிச் செலவு.

அப்ப ஏன் நான் மார்க் 4 பக்கம் சாயுறேன்னா, கிளீனிங். .22 அழுக்குப் புடிச்ச தோட்டா, வெறும் ஈயம், மேல மெழுகு, அந்தக் கரி எல்லாம் உள்ள போய் அப்பிக்கும். 2016ல வந்த மார்க் 4ல பின்னாடி ஒரு பட்டன், அமுக்குனா கன் ரெண்டா மடங்கித் திறந்துடும். அதுக்கு முன்னாடி இருந்த மார்க் 2, மார்க் 3 சுடுறதுக்கு அருமையான கன், ஆனா பிரிச்சா திரும்ப மாட்டுறதுக்குப் பொறுமை வேணும், புதுசா வர்றவங்க அதுக்குப் பயந்தே கிளீன் பண்ணாம விட்டுடுவாங்க. பக் மார்க்குல மேல ரெண்டு ஸ்க்ரூ கழட்டணும், சின்ன ஹெக்ஸ் கீ போதும், ஆனா அந்த ஸ்க்ரூ சுட்டுக்கிட்டே இருந்தா லூசாகும், அப்பப்ப பாத்து இறுக்கணும்.

விலைன்னு பாத்தா மார்க் 4லயே 22/45ங்கிற பாலிமர் மாடல் பல கடையில 350லேர்ந்து 450க்குள்ள, பக் மார்க்கும் கிட்டத்தட்ட அதே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டபிள்யூ22 விக்டரியையும் உங்க லிஸ்ட்ல சேர்த்துக்குங்க, அதுலயும் பேரல் அசையாது, ஒரே ஒரு ஸ்க்ரூ கழட்டுனா பிரிஞ்சுடும், சில சமயம் மத்த ரெண்டை விட விலை குறைவா கிடைக்கும்.

எதுவா இருந்தாலும் அட்ஜஸ்டபிள் சைட் உள்ள மாடலா பாத்து வாங்குங்க, ஃபிக்ஸ்டு சைட் டார்கெட்டுக்கு உதவாது.

செவ்வானம்:

அண்ணா சொன்னதுல எனக்கு ஒரு விஷயத்துல உடன்பாடு இல்ல. ஆரம்பிக்கிறவருக்கு ரஃப் ரைடரோ ரூகர் ராங்லரோ ஏன் கூடாது? ரஃப் ரைடர் 150 டாலர் பக்கம் வந்துடும், ராங்லர் 200 பக்கம், மிச்சப் பணம் முழுக்க அம்மோவுக்கே போகும். நான் அரிசோனாவுல இருக்கேன், எங்க ஊர் ரேஞ்சுக்கு வர்ற புதுசுங்களுக்கு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்தான் முதல்ல கையில குடுப்பேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஹேமரை இழுத்து காக் பண்ணனும், அந்த ஒரு செகண்டுல மனசு நிதானமாகும், மேகசின் இருந்தா தடதடன்னு சுட்டுத் தீர்த்துட்டு என்ன கத்துக்கிட்டோம்னே தெரியாம வீட்டுக்குப் போறவங்களை நிறைய பாத்திருக்கேன். மேகசின் ஜாம் இல்ல, எந்த அம்மோ போட்டாலும் சுடும், உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு சிலிண்டரைச் சுத்திப் பாத்தா ஒவ்வொண்ணா தெரிஞ்சுடும்.

வைகைக்கரை:

செவ்வானம், நிதானம் விஷயத்துல நீங்க சொல்றது முழுசா சரி, அதுக்காக மேகசின்ல பத்துக்குப் பதிலா ஒரு தடவைக்கு ஒண்ணு, ரெண்டு போட்டு சுடச் சொல்லலாம், நான் அப்படித்தான் சொல்லிக் குடுப்பேன். ஆனா இவருக்கு லீக் ஆசை இருக்கு. புல்சைன்னு ஒரு டார்கெட் பிஸ்டல் போட்டி இருக்கு, அதுல 2700ன்னு சொல்ற முழு போட்டியில மூணுல ஒரு பங்கு, அதாவது 900 பாயிண்ட், .22லதான். ஸ்லோ ஃபயர் 50 யார்டுல பத்து ஷாட்டுக்கு பத்து நிமிஷம், அது வரைக்கும் ரிவால்வர் சரி. அடுத்து டைம்டு ஃபயர் 25 யார்டுல 20 செகண்டுல அஞ்சு ஷாட், ராப்பிட் ஃபயர் 10 செகண்டுல அஞ்சு ஷாட், அதுவும் ஒரே கையில. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால ஹேமர் இழுக்கணும்னா பிடி கலைஞ்சு போயிடும், திரும்ப அதே இடத்துல பிடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சு டார்கெட் திரும்பிடும். அது போக இந்த விலையில வர்ற சிங்கிள் ஆக்‌ஷன்ல பெரும்பாலும் ஃபிக்ஸ்டு சைட், தோட்டா ரெண்டு இஞ்ச் இடதுபக்கம் போச்சுன்னா ஒவ்வொரு தடவையும் ரெண்டு இஞ்ச் வலதுபக்கம் குறி வைக்கிறதுதான் வழி. கேம்பிங் போற இடத்துல டப்பா சுடுறதுக்கு அது சந்தோஷமான கன், அதை மறுக்கல.

ஒஹாயோ தமிழச்சி:

நான் விக்டரி வச்சிருக்கேன், என் அனுபவத்தையும் சேர்த்துக்குங்க. எனக்கு கை சின்னது, அதனால எந்த கன் நல்லதுன்னு யார் சொன்னாலும் என் கையில அது எப்படி உக்காருதுன்னு பாக்காம எடுக்க மாட்டேன். மார்க் 4லயே ரெண்டு விதமான பிடி இருக்கு, சாதாரண மார்க் 4 பிடி பழைய ஜெர்மன் லூகர் மாதிரி நல்லா சாய்ஞ்சிருக்கும், 22/45 பிடி 1911ங்கிற பழைய அமெரிக்க பிஸ்டல் மாதிரி கொஞ்சம் நிமிர்ந்து இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு டார்கெட் பக்கம் நீட்டிட்டு கண்ணைத் திறந்து பாருங்க, ஃபிரண்ட் சைட் ரியர் சைட்டோட பள்ளத்துல தானா வந்து நிக்குதுன்னா அதுதான் உங்க பிடி, முனை வானத்தைப் பாத்தா வேற எடுங்க. கடையிலயே செய்யலாம், கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) காலின்னு அவர் காட்டுனப்புறம், ஆள் இல்லாத சுவரைப் பாத்து.

எடையும் பாருங்க. விக்டரி 36 அவுன்ஸ், கிட்டத்தட்ட ஒரு கிலோ. ரெண்டு கையால பிடிச்சா ஒண்ணும் இல்ல, எடை இருக்கிறதால ஆட்டம் கம்மியாத்தான் தெரியும், ஆனா ஒரு கையால நீட்டிப் பிடிச்சு அரை மணி நேரம் சுட்டா தோள் கெஞ்சும். புல்சை போகணும்னா அந்தத் தோளை நாம பழக்கிக்கணும்.

கண்ணாடி பத்திக் கேட்டிருந்தீங்க, அதுக்கு யாரும் பதில் சொல்லல. ப்ரோக்ரெசிவ் லென்ஸ்ல ஃபிரண்ட் சைட் தெளிவா தெரியிற இடம் நடுவுல எங்கயோ ஒரு கோடு மாதிரி இருக்கும், தலையை மேல கீழ ஆட்டித் தேடிட்டே இருப்பீங்க, தலை ஆடுனா குரூப் (ஓட்டை எல்லாம் பக்கத்துல பக்கத்துல விழுறது) போச்சு. ரெண்டு வழி இருக்கு. கண் டாக்டர்கிட்ட கை நீட்டுன தூரத்துல, அதாவது ஃபிரண்ட் சைட் இருக்கிற தூரத்துல, தெளிவா தெரியிற மாதிரி சிங்கிள் விஷன் லென்ஸ் கேளுங்க, பாதுகாப்பு லென்ஸாவே போட்டுத் தருவாங்க. இல்லன்னா ரெட் டாட், அதாவது கண்ணாடியில சிவப்புப் புள்ளி காட்டுற சைட், அதுல டார்கெட்டை மட்டும் பாத்தா போதும், புள்ளி தானா மேல வந்து நிக்கும். ஆனா உங்களுக்கு அஸ்டிக்மாட்டிசம் இருந்தா அந்தப் புள்ளி வால் முளைச்ச மாதிரி கோணலாத் தெரியும், யாரோடதாவது ஒண்ணுல எட்டிப் பாத்துட்டு அப்புறம் காசு செலவு பண்ணுங்க. எது எப்படியோ, பின்னாடி டாட் போடுற மாதிரி மேல ரெயிலோ, ரெயில் மாட்ட ஓட்டையோ உள்ள மாடலா இப்பவே பாத்து எடுத்தா நல்லது.

இன்னொண்ணு, இது அம்மாவா சொல்றேன். .22 மாதிரி ரிம்ஃபயர் தோட்டாவைப் பத்த வைக்கிற பிரைமர் மருந்துலயும் ஈயம், தோட்டாவும் ஈயம், இண்டோர் ரேஞ்சுல அது காத்துலயே இருக்கும். முடிச்சதும் சோப்பு போட்டு குளிர்ந்த தண்ணில கை, மூஞ்சி கழுவுங்க, வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாத்திட்டு அப்புறம் பொண்ணைத் தூக்குங்க. ரேஞ்சுல வச்சு எதுவும் சாப்பிட வேண்டாம்.

எடிசன்காரன்:

இந்த திரெட்டை விசாவுல இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் படிப்பாங்க, அதனால இதைச் சொல்லியே ஆகணும். கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம், கடையில 4473ங்கிற ஃபெடரல் ஃபார்ம்ல கிரீன் கார்டுல இருக்கிற ஏ நம்பர் கேப்பாங்க, இப்ப இருக்கிற அட்ரஸ் போட்ட ஐடி வேணும், அவ்வளவுதான். ஆனா எச்1பி, எல்1, எஃப்1 இதுல இருக்கிறவங்க ஃபெடரல் சட்டப்படி கன் வாங்கவும் கூடாது, கையில வச்சிருக்கவும் கூடாது. ஏதாவது ஒரு மாநிலத்தோட ஹண்டிங் லைசென்ஸ் காலாவதி ஆகாம இருந்தா அது ஒரு விதிவிலக்கு. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடுறதும் இதே கணக்குல வந்துடும், ஊர்ல இருந்து பி2 விசாவுல வந்த அப்பா அம்மாவை ஆசையா கூட்டிட்டுப் போய் ஒரு ரவுண்டு சுட வைக்கிறதும் அப்படித்தான். ரேஞ்சுல யாரும் கேக்கலங்கிறதால சரின்னு ஆயிடாது, மாட்டுனா குற்ற வழக்கு, கூடவே இமிக்ரேஷன் கேஸும் காலி. சந்தேகம் இருந்தா வக்கீல்கிட்ட கேட்டுட்டுப் போங்க.

மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். எங்க நியூ ஜெர்சியில ஐடி கார்டு தனி, அதுக்கு மேல ஒவ்வொரு ஹேண்ட்கன்னுக்கும் ஒரு பர்மிட். கலிபோர்னியாவுல பத்து நாள் காத்திருக்கணும், அவங்க ரோஸ்டர்ல, அதாவது அனுமதிச்ச லிஸ்ட்ல, இருக்கிற மாடல்தான் கடையில புதுசா கிடைக்கும். இல்லினாய்ல கன் வச்சிருக்கவே ஃபாய்டு கார்டுன்னு ஒண்ணு வேணும். டெக்சஸ்காரர் குடுத்து வச்சவர்.

நொய்யல்:

நடுவுல வந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும். நான் கோயம்புத்தூர்ல இருக்கேன், பாரிஸ் ஒலிம்பிக்ஸ் பாத்ததுல இருந்து எனக்கும் இதுல ஆர்வம். இங்க இந்த மாதிரி .22 வாங்க வழி இருக்கா?

வைகைக்கரை:

நொய்யல், நம்ம ஊர்ல .22 பிஸ்டலுக்கு ஆர்ம்ஸ் லைசென்ஸ் வேணும், ஆரம்பிக்கிறவங்களுக்கு அது நீண்ட வழி. அங்க எல்லாரும் ஆரம்பிக்கிறது 10 மீட்டர் ஏர் பிஸ்டல்லதான், உங்க ஊர்லயே ரைபிள் கிளப் இருக்கு, போய் பேசுங்க. மனு பாக்கர் பாரிஸ்ல 2024ல ரெண்டு வெண்கலமும் வாங்குனது ஏர் பிஸ்டல்லதான், .22ல சுடுற 25 மீட்டர் போட்டியில நாலாவது வந்தாங்க. ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணேதான், டிரிகரும் ஃபிரண்ட் சைட்டும். இங்க அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கும் சொல்றேன், ஒலிம்பிக்ஸ்ல பாக்குற பார்டினி, மொரினி மாதிரி கன்னோட விலையைப் பாத்துட்டு இந்த விளையாட்டே நமக்கு இல்லன்னு விட்டுடாதீங்க, கிளப் லீக்ல மார்க் வரிசை கன்னையும் பக் மார்க்கையும் வச்சுக்கிட்டு நல்ல ஸ்கோர் போடுறவங்க ஏகப்பட்ட பேர்.

பிளேனோவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. நேத்து வாடகைக்குக் குடுக்கிற ரேஞ்சுக்குப் போய் 22/45ம் பக் மார்க்கும் சுட்டுப் பாத்தேன். அக்கா சொன்ன கண்ணை மூடித் திறக்கிற சோதனையில 22/45 டக்குன்னு வந்து உக்காந்துச்சு. டிரிகர் பக் மார்க்குதான் நல்லா இருந்துச்சு, ஆனா கையில உக்கார்றது 22/45. லாக் பாக்ஸ் ஆர்டர் பண்ணியாச்சு. இப்ப ரெண்டு கேள்வி. ஒண்ணு, கடையில யூஸ்டு 22/45 ஒண்ணு 300க்கு இருக்கு, எடுக்கலாமா, எதைப் பாக்கணும்? ரெண்டு, அம்மோ எது? ரேஞ்சுல குடுத்ததுல ரெண்டு தடவை டிரிகர் அமுக்கியும் வெடிக்கல, கன்னோட கோளாறா?

ஒஹாயோ தமிழச்சி:

வெடிக்காதது ரிம்ஃபயர்ல சகஜம், பயப்படாதீங்க. இதுல பிரைமர் மருந்தை தோட்டாவோட விளிம்புக்குள்ள சுழற்றிப் பரப்புறாங்க, எங்கயாவது ஒரு இடத்துல மருந்து பரவாம விட்டுப்போனா ஃபயரிங் பின் அந்த இடத்துல அடிக்கும்போது வெடிக்காது. முக்கியமானது அந்த நேரத்துல என்ன பண்றீங்கங்கிறதுதான். கன்னைத் திருப்பிப் பாக்காதீங்க, முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும், மனசுக்குள்ள முப்பது எண்ணுங்க, சில சமயம் தாமதமா வெடிக்கும். அப்புறம் மேகசினைக் கழட்டி, தோட்டாவை வெளிய எடுத்து, ரேஞ்சுல அதுக்குன்னு வச்சிருக்கிற டப்பாவுல போட்டுடுங்க. சத்தம் பொசுக்குன்னு கம்மியா வந்துச்சுன்னா உடனே நிறுத்துங்க, தோட்டா பேரலுக்குள்ள மாட்டி நிக்கலாம், அதுக்கு மேல இன்னொண்ணு சுட்டா ஆபத்து.

அம்மோவுக்கு சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டியில ஆரம்பிங்க, ரவுண்டுக்கு பத்து பன்னெண்டு சென்ட் ஆகும், பல்க் பாக்ஸ் அதை விட மலிவு, ஆனா வெடிக்காம போறதும் அதுலதான் ஜாஸ்தி. அப்புறம் ஃபெடரல் ஆட்டோமேட்ச், அகிலா, இன்னும் ஒண்ணு ரெண்டு பிராண்டுல ஒவ்வொரு சின்ன பெட்டி வாங்கி, கையை சாண்ட்பேக் மேல வச்சு 25 யார்டுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேப்பர் போட்டுப் பாருங்க. ஒரே மாடல் ரெண்டு கன்னுக்கே பிடிச்ச அம்மோ வேற வேறயா இருக்கும். எதுல குரூப் சின்னதா வருதோ அதையே மொத்தமா வாங்குங்க.

வைகைக்கரை:

யூஸ்டு 300க்கு நல்ல விலை, ஆனா முதல்ல சீரியல் நம்பரைப் பாருங்க. 2017 ஜூன் 1க்கு முன்னாடி செஞ்ச மார்க் 4 எல்லாத்துக்கும், 22/45 உட்பட, ரூகரே ரீகால் விட்டாங்க. சேஃப்டி லிவர் பாதியில நின்னுட்டு இருக்கும்போது டிரிகரை இழுத்தா, அப்புறம் லிவரை நகர்த்துற நேரத்துல சுடக்கூடிய வாய்ப்பு இருந்துச்சு. 401, டபிள்யூபிஆர் இப்படி ஆரம்பிக்கிற நம்பர்னா சந்தேகப்படுங்க. ரூகர் வெப்சைட்டுல நம்பரைப் போட்டா அது ரீகால்ல வருதான்னு சொல்லிடும், வந்தா சரி பண்ணியாச்சான்னு கடைக்காரரைக் கேளுங்க, பண்ணலன்னா ரூகர்கிட்ட பேசி சரி பண்ணிட்டு அப்புறம் சுடுங்க.

அடுத்து, கடைக்காரர் முன்னாடியே பட்டனை அமுக்கித் திறந்து போல்ட்டோட முகம், எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை இழுக்கிற கொக்கி), பேரலோட வாய் ஓரம் பாருங்க, வாய்ல அடிபட்ட தழும்பு இருந்தா வேண்டாம். சேம்பர் ஓரத்துல ஃபயரிங் பின் அடிச்ச பள்ளம் இருக்கான்னும் பாருங்க, தோட்டா இல்லாம நிறைய சுட்டா சில .22ல அந்த மாதிரி வரும். வீட்டுல டிரை ஃபயர் (நிஜத் தோட்டா இல்லாம டிரிகர் இழுக்கிறது) பழகுறதுக்கு முன்னாடி மேனுவல்ல என்ன சொல்லியிருக்குன்னு படிச்சுட்டு, .22 டம்மி ரவுண்டு போட்டுப் பழகுங்க, தோட்டா இருக்கிற ரூம்ல பழகவே வேண்டாம். மேகசின் இல்லாம டிரிகர் வேலை செய்யலன்னு திரும்பக் குடுத்துடாதீங்க, மார்க் 4 அப்படித்தான்.

மேகசின் எத்தனை வருதுன்னு கேளுங்க. ஒண்ணுதான்னா இன்னும் ரெண்டு வாங்கிடுங்க, லீக்ல ஒரு மேகசினை வச்சுக்கிட்டு அஞ்சஞ்சா நிரப்பிட்டு நிக்க முடியாது. மிச்சம் இருக்கிற காசுல நல்ல மஃப், அதுக்கு உள்ள போடுற பஞ்சு பிளக், இண்டோர்ல ரெண்டும் சேர்த்தே போடுங்க, பக்கத்து லேன்ல ஒருத்தர் ரைபிள் எடுத்துட்டு வந்துடுவார். டாட் இப்ப வேண்டாம், ஒரு சீசன் இரும்பு சைட்டுலயே சுடுங்க. சீரியல் பாத்துட்டு என்ன வந்துச்சுன்னு இங்கயே எழுதுங்க தம்பி.

பிளேனோவாசி:

கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன் அண்ணா, ரீகால்ல வர்ற நம்பர் இல்லையாம், மேகசின் ரெண்டு குடுக்குறாராம். நானும் ரூகர் வெப்சைட்டுல நம்பரைப் போட்டுப் பாத்துட்டேன், அதுவும் சரின்னுதான் காட்டுது. சனிக்கிழமை போய் பேரலையும் சேம்பரையும் பாத்துட்டு 4473 நிரப்புறேன். டல்லஸ் பக்கம் புல்சை லீக் நடத்துற கிளப் யாருக்காவது தெரிஞ்சா மெசேஜ் போடுங்க, முதல்ல சும்மா உக்காந்து பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்.